சுருளின் கடைசிப் படம்

தம்பி,

ஒரே வீட்டில், ஒரே உலையில் வடித்த சோற்றைத் தின்றுகொண்டு, கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் இருக்கிறவனுக்குக் கடிதம் எழுதுவது வேடிக்கைதான். நலமா என்று கேட்க வேண்டியதில்லை. நீ நலமாக வாசலில் வேப்பமரத்தடியில் காருக்கு அடியில் மல்லாந்து படுத்திருக்கிறாய். சன்னல் வழியாக உன் இரண்டு கால்கள் மட்டும் எனக்குத் தெரிகின்றன. திடீரென்று எழுந்து வந்து, "என்னம்மா எழுதுற?" என்று நீ கேட்டால், உன் சின்ன மாமாவுக்கு எழுதுகிறேன் என்று பொய் சொல்லிவிடுவேன். இதை நான் போன மாதமே எழுதியிருக்க வேண்டும். நீ கிளம்புவதற்குக் குறித்த வெள்ளிக்கிழமை கிட்டே வந்துவிட்ட பிறகு எழுதுகிறேன். வாயால் சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு நாளும் தள்ளிப்போட்டேன். வாயைத் திறந்தால் வேறு ஏதாவதுதான் வந்தது.

அன்று நீ கூடத்தில் தேசப்படத்தை விரித்து, அது சுருண்டுகொள்ளாமல் நான்கு மூலையிலும் ஃபிலிம் டப்பாக்களை வைத்துவிட்டு எங்கள் எல்லாரையும் கூப்பிட்டாயே, அதிலிருந்து தொடங்குகிறேன். திண்டுக்கல், கரூர், சேலம், பெங்களூர் என்று உன் விரல் மேலே ஏறியது. ஹைதராபாத், நாகபுரி, ஜான்சி, ஆக்ரா, டெல்லி. அங்கேயும் நிற்காமல் லாகூரைத் தாண்டிப் பெஷாவரில் போய் நின்றது. நீ ஒருவனே ஓட்டிப் போகப் போகிறாய், இரண்டு கேமராக்களோடு. மில் துரை ஒருவர் சீமைக்குத் திரும்பும்போது விற்றுவிட்டுப் போன அந்தப் பேபி காரில்.

"டெல்லிக்குத்தான் ரயிலு இருக்கேடா. சன்னல் ஓரமா உக்காந்தா அவனே கொண்டுபோயி விட்டுருவான்" என்றார் உன் அப்பா.

"ரயில்ல போனா டேசன் மட்டுந்தாம்ப்பா தெரியும்."

"ரோட்டுல போனா மட்டும் என்னத்தத் தெரியும்? அங்கயும் மனுசந்தான இருக்கான்?"

"அந்த மனுசனத்தாம்ப்பா படம் எடுக்கப் போறேன்."

உன் அத்தை கையில் இருந்த காப்பி தம்ளரைப் படத்தின் மேலேயே வைத்துவிட்டுக் குனிந்து பார்த்தாள். "அத்தே, தம்ளர எடுங்க, நிஜாம் ஊரு நனைஞ்சிரும்" என்று நீ கத்தினாய். அவள் அதைக் காதில் வாங்கவில்லை. "இந்தக் காயிதத்துல நம்ம மதுரை எங்கடா?" என்று கேட்டாள். "ஒங்க கால் பெருவிரலுக்குக் கீழ இருக்கு." "அப்ப டெல்லி?" நீ நடைக் கதவுப் பக்கம் கையைக் காட்டினாய். "ஆத்தாடி, அம்புட்டுத் தூரமா? எந்திரிச்சுல்ல போகணும்!" என்று அவள் சொன்னதும் எல்லாரும் சிரித்தோம். சிரிப்பு அடங்கியபோது உன் அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். "நான் ஒண்ணும் சொல்லல. ஒங்கம்மா சரின்னா போ." அப்படிச் சொல்லிவிட்டுக் கீழமாசி வீதியில் உள்ள மண்டிக்குப் போய்விட்டார். வீட்டில் பெரிய முடிவு எது வந்தாலும் அவருக்கு அந்த நேரம் பார்த்து மண்டியில் வேலை இருக்கும், உனக்குத் தெரிந்ததுதான்.

அன்றிலிருந்து இந்த வீட்டில் எல்லாம் நான் சரி என்று சொல்லிவிட்டது போலத்தான் நடக்கிறது. டயர் வந்துவிட்டது. தண்ணீர்ப் பை வந்துவிட்டது. நானோ இன்னும் சொல்லவில்லை. சாப்பிட உட்காரும்போதெல்லாம் நீ ஒரு தடவை "அம்மா?" என்று என் முகத்தைப் பார்க்கிறாய். நான் உன் சோற்றில் இன்னொரு கரண்டி ரசத்தை ஊற்றிவிட்டு உள்ளே போய்விடுகிறேன். நீ வற்புறுத்தவில்லை. நான் சொல்லாவிட்டால் போக மாட்டாய் என்பதும் எனக்குத் தெரியும். அதுதான் எனக்குப் பாரமாக இருக்கிறது.

உனக்கும் எனக்கும் பதினேழு வயதுதான் வித்தியாசம். உன்னைப் பெற்றபோது எனக்கே ஆள் வேண்டியிருந்தது. உனக்குப் பல் முளைக்கிற காலத்தில் உன் அப்பா என்னைத் திரும்பப் படிக்க அனுப்பினார். "தொட்டில்ல ஒண்ணு, மடியில பொஸ்தகம் ஒண்ணு. இவ எதத் தாலாட்டுவா?" என்று உன் அத்தை தெருவுக்கே கேட்கும்படி கேட்டாள், கேட்டுவிட்டு உன்னைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு என்னைக் காலேஜுக்கு ஜட்கா வண்டி ஏற்றியவளும் அவள்தான். அங்கே நான் தாவர சாஸ்திரம் எடுத்தேன். பூவைப் பிளந்து பார்த்து, மெல்லிய பென்சிலால் மகரந்தப் பையையும் இலை மேல் உள்ள ரோமத்தையும் வரைய வேண்டும். அந்தப் படிப்பில் எனக்கு மிஞ்சியது அந்தக் கைதான். அது பிறகு எதற்குப் பயன்பட்டது என்று உனக்குத் தெரியும்.

கூடத்தில் மாட்டியிருக்கிற உன் பெரிய மாமாவின் படத்தைப் பார்த்துச் சின்ன வயதில் நீ கேட்பாய்: "மாமா ஏம்மா கண்ணைச் சிமிட்டவே மாட்டேங்குறாரு?" அவர் இறந்த பிறகு நாற்காலியில் உட்காரவைத்து, முதுகுக்குப் பின்னால் ஆள் நின்று பிடித்துக்கொண்டு எடுத்த படம் அது. கண்ணை யாரோ மையால் எழுதியிருந்தார்கள். நம் பக்கத்தில் ஒருவரைப் படம் எடுப்பதென்றால் பெரும்பாலும் அப்போதுதான். உயிரோடு இருக்கிறவரை எடுத்தால் ஆயுசு குறையும் என்பார்கள். உன் அத்தை அப்படி நம்பினாள். படித்த நான் அவளைப் பார்த்துச் சிரித்தேன். ஆனால் உன் பள்ளிக்கூடத்தில் எல்லாப் பிள்ளைகளையும் வரிசையாக நிற்கவைத்துப் படம் எடுத்த அன்று, உனக்குக் காய்ச்சல் என்று வாத்தியாருக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தவள் அத்தை இல்லை, நான். உனக்குக் காய்ச்சல் இல்லை. பகல் முழுவதும் கொல்லையில் ஓணான் அடித்துக்கொண்டிருந்தாய். ஒரே பிள்ளை. எதற்கு வம்பு என்று நினைத்தேன். அதனால்தான் இந்த வீட்டில் உன் படம் என்று ஒன்றுகூடக் கிடையாது. நீ கேமரா வாங்கிய பிறகும் அதற்குப் பின்னாலேயே நின்றுவிட்டாய்.

மூன்று வருசமாக உசிலம்பட்டி ரோட்டில் உள்ள ஊர்களுக்கெல்லாம் நீ சைக்கிளில் கேமராவைக் கட்டிக்கொண்டு போய்வருகிறாய். எவர் வீட்டில் துக்கமோ அங்கிருந்து ஆள் வருவான்: "போட்டோத் தம்பி இருக்காரா?" எடுத்து வருவதைச் சாமான் அறையில் சிவப்பு விளக்கு வைத்து நீயும் நானும் கழுவுவோம். பிரிண்ட் காய்ந்ததும் மூடிய இமைக்கு மேல் நான் கண் எழுதுவேன். ஒற்றை மயிர்த் தூரிகையால் முதலில் விழி, அப்புறம் அதற்குள் ஒரு பொட்டு வெள்ளை. அந்த வெள்ளைப் பொட்டு விழுந்ததும் முகம் விழித்துக்கொள்ளும். எனக்கு அதில் பயமே இருந்ததில்லை. பூ வரைகிற மாதிரிதான் செய்தேன்.

போன வருசம் செக்கானூரணிக்கு அப்பால் ஒரு ஊருக்குப் போய் வந்தாயே, ஞாபகம் இருக்கிறதா? இறந்தவன் வெள்ளாமை பார்க்கிற சம்சாரி; உன்னைவிட ஒன்றிரண்டு வயது மூத்தவன்; காய்ச்சலில் போனவன். அவன் பெண்சாதி உன்னிடம் சொன்னதை நீ அப்படியே என்னிடம் வந்து சொன்னாய். "தம்பி, கண்ணு எழுதுறப்ப சிரிக்கிற கண்ணா எழுதச் சொல்லுங்க. அவரு எப்பவும் சிரிச்ச கண்ணு." உயிரோடு ஒரு படம் எடுத்திருக்கலாமே என்று யாரோ அங்கே சொன்னதற்கு அவள், "ஆயுசு கொறையும்னு விட்டுட்டோம். இப்ப மட்டும் என்ன கூடிருச்சு?" என்றாளாம்.

நான் தூரிகையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். சிரிக்கிற கண்ணுக்கு என்ன வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. காலேஜில் எந்தப் பூவும் சிரித்ததில்லை. எதிரே நீ உட்கார்ந்து பனங்கிழங்கு உரித்துக்கொண்டு, பட்டறை காதர் அண்ணன் அடித்த கூத்தை எனக்குச் சொல்லிச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாய். நான் உன்னைப் பார்த்தேன். கீழிமை கொஞ்சம் மேலே ஏறியிருந்தது. ஓரத்தில் இரண்டு கோடுகள். வலது கண் இடது கண்ணைவிட ஒரு துளி சின்னதாகி இருந்தது. பார்த்தேன், எழுதினேன், மறுபடியும் பார்த்தேன், எழுதினேன். நன்றாக வந்தது. அதுவரை எழுதியதில் அவ்வளவு நன்றாக எதுவும் வந்ததில்லை. நீ கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்து, அவள் நெடுநேரம் பார்த்துவிட்டுச் சொன்னதைச் சொன்னாய்: "இது அவரு கண்ணு இல்ல. ஆனா இதுல உசுரு இருக்கு. இருந்துட்டுப் போகட்டும்."

அப்போதுதான் தம்பி, நான் செய்தது எனக்கு உறைத்தது. ஒரு செத்த பிள்ளையின் முகத்தில் என் பிள்ளையின் கண்ணை எழுதிக் கொடுத்திருக்கிறேன். அது ஒரு வீட்டுச் சுவரில் மாலை போட்டுத் தொங்குகிறது. அதற்குப் பிறகு நான் தூரிகையைத் தொடவில்லை. கண் வலிக்கிறது என்று உன்னிடம் சொன்னேன். உன் அப்பா பாவம், டாக்டரிடம் கூட்டிப்போய்க் கண்ணாடி வாங்கிக் கொடுத்தார். போட்டால் தலை சுற்றும். சொன்ன பொய்க்காக அதையும் போட்டுக்கொண்டு சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். "படிச்ச பொம்பளைன்னு இப்பத்தான் பாத்தாத் தெரியுது" என்று உன் அத்தைக்கு மட்டும் சந்தோஷம்.

இந்த நிலைமையில்தான் நீ பெஷாவரைக் காட்டினாய். அதோடு காதர் அண்ணன் வேறு. ஆரப்பாளையத்தில் அவர் பட்டறைக்கு உன்னோடு நானும் வந்திருந்தேன். "அண்ணே, வண்டி டெல்லி போயிருமா?" என்று நீ கேட்டதற்கு அவர் என்ஜினுக்குள்ளிருந்து தலையை எடுக்காமல், "போறதுக்கு என்ன மாப்ள, பறந்துக்கிட்டுப் போகும். வர்றதப் பத்தி நீ கேக்கவே இல்லையே" என்றார். நீங்கள் இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தீர்கள். பிறகு அவர் நான் நிற்பதைப் பார்த்துவிட்டு, "சும்மா வெளாட்டுக்குச் சொன்னேம்மா. இன்ஷா அல்லா, நல்லபடியா வந்துருவாப்ல" என்று கையைத் துடைத்துக்கொண்டார். எனக்கு முதலில் சொன்னது மட்டும்தான் காதில் நின்றது.

ஆகவே நீ மேலூர் வரை ஒத்திகை பார்க்கக் கிளம்பிய அன்று, விடியுமுன்னே எழுந்து காருக்குச் சந்தனப் பொட்டு வைத்தேன். இரண்டு விளக்குக்கும் வைத்தேன், ஸ்டியரிங்குக்கு வைத்தேன். ஆசனத்தில் இருந்த பெட்டிக் கேமராவுக்கும் வைத்தேன். அதற்கு நெற்றி எது என்று தேடினேன், முன்னால் வட்டமாக ஒரு கண்ணாடி இருந்தது, அதிலேயே வைத்துவிட்டேன். மடக்குக் கேமரா மடங்கிக் கிடந்ததால் தப்பித்தது. ஒளி கண்ணாடி வழியாக எப்படி வளைந்து போகும் என்று பரீட்சையில் படம் போட்டு மார்க் வாங்கியவள் நான். அன்று விடியற்காலையில் அதெல்லாம் எங்கே போயிற்றோ தெரியவில்லை.

ஒத்தக்கடையில் நீ எடுத்த வெற்றிலைக்காரியும், யானைமலையும், மேலூர்ச் சந்தையும், எல்லாமே வெள்ளைத் துணிக்குப் பின்னால் நிற்கிற மாதிரி வந்தன. ஈர ஃபிலிமை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து நீ கேட்டாய்: "ஏம்மா, ஒத்தக்கடையில எப்பம்மா இம்புட்டுப் பனி பெஞ்சுச்சு?" நான் பானையைக் கழுவிக்கொண்டிருந்தேன், கழுவின பானையையே. நீ போய்க் கேமராவைத் திருப்பிப் பார்த்தாய். காய்ந்த சந்தனத்தை வேட்டி நுனியால் துடைத்தாய். கோபித்துக்கொள்வாய் என்று நின்றேன். நீயோ பூஜை மாடத்துக்குப் போய்ச் சந்தனத்தைத் தொட்டு வந்து, பெட்டியின் பக்கவாட்டில், தோல் மேல் ஒரு பொட்டு வைத்தாய். "இங்க வச்சா சாமி ஒண்ணும் கோவிச்சுக்காதும்மா." அவ்வளவுதான் சொன்னாய்.

அன்றைக்குத்தான் நான் உன்னைக் கேட்டேன், ஏன் தனியாகப் போக வேண்டும், உன் சிநேகிதன் அந்தத் திருப்பரங்குன்றத்துப் பையன் உன்னோடு வர ஆசைப்படுகிறானே என்று. "ரெண்டு பேரு போனா எங்களுக்குள்ளயே பேசிக்கிட்டுப் போயிருவோம்மா. ஒத்தையில போனாத்தான் வழியில இருக்கவங்ககிட்டப் பேச்சுக் குடுக்கத் தோணும்" என்றாய். சரி, அதுகூடப் பரவாயில்லை. பிறகு நீ தலையைக் குனிந்துகொண்டு சொன்னதுதான் எனக்குள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. "மூணு வருசமா அசையாதவங்களையே எடுத்துட்டேம்மா. யாரையாவது பாத்து, 'கொஞ்சம் அசையாம நில்லுங்க'ன்னு சொல்லணும்போல இருக்கு."

அதைச் சொல்லிவிட்டு, போகும்போது வைத்துக்கொள்ள என்னை ஒரு படம் எடுக்க வேண்டும் என்று கேட்டாய். அடுப்பில் வேலை கிடக்கிறது என்று நான் உள்ளே போய்விட்டேன். அடுப்பில் ஒன்றும் இல்லை.

இனி நான் சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். முதலில் சின்னச் சின்ன விஷயங்கள். பொழுது சாய்ந்த பிறகு ஓட்டாதே. வண்டிக்காரன் வைக்கோல் மேல் தூங்கிவிடுவான். மாடுகள் தாமாக நடுரோட்டில் வந்துகொண்டிருக்கும். அவற்றுக்கு உன் ஹாரன் ஒரு பொருட்டே இல்லை. எந்த ஊரில் இறங்கினாலும் கேமராவைத் தூக்குமுன் ஒரு வாய் தண்ணீர் கேள். தண்ணீர் கொடுத்தவர்கள் அப்புறம் உன்னை அந்நியனாகப் பார்க்க மாட்டார்கள். வேண்டாம் என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறவர்களை எடுக்காதே. அவர்கள் வீட்டிலும் என்னைப் போல ஒருத்தி இருப்பாள். ஃபிலிம் டப்பாக்களில் வைக்க அரிசியை நன்றாக வறுத்துச் சின்னத் துணி முடிச்சாகக் கட்டி வைத்திருக்கிறேன். ஈரத்தை அது இழுத்துக்கொள்ளும். டப்பாவின் வாயை மெழுகால் அடைத்து, மேலே ஈரச் சாக்கைச் சுற்றி, வண்டியில் வெயில் படாத பக்கம் வை. மறந்துபோய் அந்த அரிசியைத் தின்றுவிடாதே; உன் அத்தை இப்போதே ஒரு முடிச்சைக் காலி செய்துவிட்டாள்.

எடுத்த சுருள்களை எந்தக் கடையிலும் கழுவக் கொடுக்க மாட்டேன், ஊர் ஊராகப் பார்சலில் அம்மாவுக்குத்தான் அனுப்புவேன் என்றாய். அனுப்பு. நான் கழுவுவேன். சித்திரை வெயிலில் சூடேறிய குழாய்த் தண்ணீரைத் தொட்டுப் பார்க்காமல் ஊற்றி, நமக்கு வந்த ஒரே கல்யாணமும் ஃபிலிமிலிருந்து கழன்று தட்டில் கூழாக ஓடியதே, அதை நான் மறக்கவில்லை. புதுப் பானை இரண்டு வாங்கி மணலில் பதித்து வைத்திருக்கிறேன். அதில் குளிர்ந்த தண்ணீர் தவிர வேறெதையும் உன் படத்தில் பட விடமாட்டேன்.

அடுத்தது, நீ கேட்ட படம். வெள்ளிக்கிழமை காலையில் நான் வேப்பமரத்தடியில் நிற்கிறேன், கண்ணாடி போடாமல். "கொஞ்சம் அசையாம நில்லுங்க" என்று என்னிடம் சொல்லித் தொடங்கு. உன் அத்தை தடுத்தால் அவளையும் இழுத்து என் பக்கத்தில் நிறுத்திவிடுவோம்.

நீ போய்விட்டு வா. சரி என்று சொல்லிவிட்டேன். எழுதின பிறகு பார்த்தால் அவ்வளவு பெரிய சொல்லாக இல்லை. ஆனால் எனக்காக நீ ஒரு காரியம் செய்ய வேண்டும். ஒவ்வொரு சுருளிலும் கடைசிப் படத்தை விட்டுவை. அது வந்ததும், பக்கத்தில் யார் இருக்கிறார்களோ, டீக்கடைக்காரரோ, ஆடு மேய்க்கிறவரோ, பெட்ரோல் ஊற்றுகிறவரோ, அவர் கையில் கேமராவைக் கொடு. எந்தப் பித்தானை அழுத்த வேண்டும் என்று காட்டிவிட்டு நீ போய் எதிரே நில். படம் கோணலாக வரட்டும், கால் இல்லாமல் வரட்டும். நீ அதில் இருக்க வேண்டும். அவர் சொல்கிற ஏதாவது ஒன்றுக்குச் சிரித்துக்கொண்டிருந்தால் இன்னும் நல்லது. உன் கண் உன் முகத்திலேயே இருப்பதை நான் பார்க்க வேண்டும்.

அந்தச் சுருள் வந்ததும் சாமான் அறைக் கதவைச் சாத்தி, சிவப்பு விளக்கை ஏற்றி, மருந்துத் தட்டில் ஃபிலிமை மேலும் கீழும் இழுத்துக்கொண்டிருப்பேன். யார் யாரோ வருவார்கள், எந்தெந்த ஊரோ வரும். கடைசியில் நீ வருவாய். ஃபிலிமில் கறுப்பும் வெளுப்பும் தலைகீழாகத்தானே இருக்கும்? உன் முகம் கறுத்து வரும். இந்தக் கன்னங்கரேலென்ற முடி மட்டும் பால் மாதிரி வெளுத்து, தலை முழுக்க நரைத்துப்போய்த் தெரியும். படம் எடுத்தால் ஆயுசு குறையும் என்று இத்தனை வருசம் உன்னை ஒளித்து வைத்தேன். என்னைவிட முந்தி நரைத்த என் பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பேன். "மதினி, இங்க வாங்க, ஒங்க மருமகன் கெழவனாயிட்டான்" என்று உன் அத்தையைக் கூப்பிட்டுக் காட்டுவேன். ஃபிலிம் காய்கிறவரை கொடியில் அப்படியே தொங்கட்டும், தம்பி. பிரிண்ட் போட எனக்கு அவசரமில்லை.

அம்மா